சோலைமலையின் சர்க்கரை

ஊரான் பெயருக்குத் தன் ரத்தத்தைக் கொடுத்துவிட்டு எவளாவது நிம்மதியாகத் தூங்குவாளா? ஜோஸ்பின் ஆறு மாதமாகத் தூங்கவில்லை.

2002-ல், நாட்டில் எத்தனை பேருக்குச் சர்க்கரை என்று கணக்கெடுத்தவர்களில் அவளும் ஒருத்தி. திண்டுக்கல்காரி, இருபத்தாறு வயது, ரத்தம் எடுக்கிற வேலை. பட்டியலில் பெயர் விழுந்தவரிடம்தான் எடுக்க வேண்டும், அதுவும் வெறும் வயிற்றில். நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை போட்ட ஊர்களில் இது லேசில் நடக்கிற காரியமா? விடியுமுன் பூப்பறிக்கப் போகிறவர்கள் டீ குடிக்காமல் தோட்டத்தில் இறங்குவார்களா? பட்டியலில் இருந்த பூத்தோட்டக்காரர் சோலைமலை வீட்டுக்கு மூன்று தடவை நடையாய் நடந்து, கடைசி நாளில்தான் அவரைப் பிடித்தாள்.

திரும்பி வந்த பஸ்ஸில் ஒரே பூமூட்டை. ஒன்று சரிந்து அவள் பெட்டிமேல் விழுந்தது. சோலைமலை ரத்தம் இருந்த கண்ணாடிக் குழாய் மட்டும் உடைந்துபோனது. இனிப் போனால் மனிதர் சாப்பிட்டிருப்பார். மேற்பார்வையாளர் அருளப்பன் வாய்க்கு வந்தபடி ஏசுவார். அவளும் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. பஸ் நிறுத்தத்தில் இறங்கி உட்கார்ந்து, தன் இடக்கையிலேயே ஊசியைக் குத்தி எடுத்து, சோலைமலை பெயரை ஒட்டினாள். ஒரு ஆள் ரத்தத்தில் என்ன குடி முழுகிவிடப் போகிறது என்று நினைத்தாள், மடச்சி!

முடிவு வந்தபோது சர்க்கரை இருநூற்று முப்பத்தாறு. அவள் கண்ணில் படுமுன்னே அருளப்பன் அந்தச் சீட்டைச் சோலைமலையிடம் கொடுத்துவிட்டார். மறுநாளே ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். அமலன் என்ற பையனுக்கு அவன் வீட்டிலிருந்து அவளைப் பெண் கேட்டிருந்த நேரம். சர்க்கரைக்காரியை யார் கட்டுவார்கள்? நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினாள்.

ஆறு மாதம் கழித்து ஒருநாள் அருளப்பன்தான் பேச்சுவாக்கில் சொன்னார், சோலைமலை பூப்பறிக்கையில் கிறுகிறுத்து விழுந்துவிட்டாராம். சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் மாத்திரை வாங்கித் தின்கிறாராம். சர்க்கரை இல்லாத உடம்பாக இருந்தால் அந்த மாத்திரை ஆளைச் சாய்த்துவிடாதா? மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஜோஸ்பின் அவர் ஊருக்குக் கிளம்பினாள்.

சோலைமலை கட்டிலில் கிடந்தார், கன்னமெல்லாம் ஒட்டிப்போய். அவர் மனைவி நாகஜோதி வாசலுக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாம்மா. நீ மட்டும் கண்டுபிடிக்கலேன்னா இந்த மனுசன் கதி என்னாயிருக்கும்? ரெண்டு உருண்டை கேப்பக்களிதான் குடுக்கேன். பேத்திக்குக் காது குத்துனப்பக்கூட ஒரு லட்டு தொடலம்மா."

அந்த நன்றியை ஜோஸ்பினால் தாங்க முடியவில்லை.

"அக்கா, அது அண்ணன் ரத்தமே இல்ல. குழாய் ஒடஞ்சுபோச்சு, என் ரத்தத்த வச்சுட்டேன். மாத்திரைய நிறுத்துங்க. இன்னைக்கே டாக்டர்ட்ட போயி டெஸ்ட் எடுங்க."

நாகஜோதி கையை உதறினாள். "அடிப்பாவி! என் கையாலயே என் புருசனப் பட்டினி போட வச்சுட்டியேடி! நீயெல்லாம் நல்லாருப்பியா?"

ஜோஸ்பின் தலை குனிந்து நின்றாள். அம்புட்டு வசவும் தனக்குத் தகும் என்றே தோன்றியது.

"செத்த நேரம் பேசாம இரு புள்ள," என்று மனைவியை அடக்கிவிட்டுச் சோலைமலை எழுந்து உட்கார்ந்தார். "அப்ப சுகர் ஒனக்கா? மாத்திரை சாப்புடுறியா?"

"இல்லண்ணே."

"டாக்டர்ட்டயாவது போனியா?"

"போகலண்ணே. கல்யாணம் பேசிருக்காங்க, வெளிய தெரிஞ்சா..."

"அந்தக் கணக்குல என்னைய அடிச்சிட்டு ஒம் பேர எழுது தாயி."

"பட்டியல்ல என் பேரு கெடையாதுண்ணே."

"அப்ப ஒன்னைய எவன் கணக்குல வச்சிருக்கான்?"

ஜோஸ்பினுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. தனக்குச் சர்க்கரை என்று ஆறு மாதமாக அவள் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

சோலைமலை துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"கெளம்பு தாயி. ரெண்டு பேருமா டாக்டர்ட்ட போவோம். எனக்கு இல்லைன்னும் ஒனக்கு இருக்குன்னும் அவரே எழுதட்டும்."