ஓடாத வண்டிக்கு ஒரு பூஜ்யம்

மார்ச்சுத் திங்கள் பதினான்காம் நாள், செவ்வாய்க்கிழமை. வானில் முகிலும் இல்லை. தரையில் காற்றும் இல்லை. முற்பகல் பத்து மணிக்கே நடைமேடையின் இரும்பு இருக்கைகளில் கைவைக்க இயலாத அளவுக்கு வெயில் ஏறியிருந்தது.

இருப்புப்பாதை முடிவடையும் சிறு நிலையம் ஒன்றின் பொறுப்பாளன் நான். பயணச்சீட்டு வழங்குவதும், அறிவிப்புப் பலகையில் எழுதுவதும், நடைமேடையைப் பெருக்குவதும் என் ஒருவனின் கடமைகள். நாள்தோறும் பதினொன்று நாற்பதுக்கு நகரத்திலிருந்து இரு பெட்டிகள் கொண்ட வண்டி வந்து, பன்னிரண்டு ஐம்பத்தைந்துக்குத் திரும்பிச் செல்லும். என் மகள் நகர மருத்துவமனையின் சலவைப் பிரிவில் பணியாற்றுகிறாள். காலைப் பணிக்கும் மாலைப் பணிக்கும் இடையே அவ்வண்டியில் வந்து, தன் ஏழு மாதக் குழந்தைக்குப் பாலூட்டிவிட்டு, அதிலேயே திரும்புவாள்.

அவ்வண்டியைத் தொடர்ந்து இயக்குவதா, நிறுத்துவதா என முடிவெடுக்கும் பொருட்டு, அதனால் சமூகம் அடையும் நன்மையை அளந்துவர மேலிடம் ஆணையிட்டிருந்தது. நிலையம் ஒன்றுக்கு ஒரு நாள்; எங்களுக்கு ஒதுக்கப்பட்டது அச்செவ்வாய். தண்டவாளத்தின் அடிக்கட்டைகளை மாற்றும் பொருட்டு நண்பகல் வண்டியை ரத்துசெய்ய அதே மேலிடம் தேர்ந்தெடுத்த நாளும் அச்செவ்வாயே! இவ்விரண்டாம் ஆணை தொலைபேசி வழியே எனக்கு எட்டியபோது மணி பதினொன்று இருபது. அதற்குள் நடைமேடையில் முப்பத்தொருவர் கூடியிருந்தனர். மாற்றுப் பேருந்து வருமென்று நம்பி எவரும் அகலவில்லை.

கணக்கெடுக்க வந்த இளம்பெண் கையில் ஆள் எண்ணும் கருவியுடன் நின்றாள். பதினொன்று நாற்பதுக்குக் கடிகாரத்தைப் பார்த்தாள். “இறங்கியோர்” என்ற கட்டத்தில் பூஜ்யம் இட்டாள்.

“ஏம்மா, நாங்கல்லாம் உன் கண்ணுக்குத் தெரியலையா?” என்றார் தையற்கார அக்கா.

“தெரியுதுக்கா. ஆனா வண்டியில கால் வச்சாத்தான் எண்ணணும்னு சொல்லியிருக்காங்க.”

எங்கள் முடிதிருத்துபவர் சும்மா இருப்பவர் அல்லர். “நான் ஒரு காலைத் தூக்கி அந்தரத்துல வச்சுக்கறேன். அரை ஆளுன்னு எழுதிக்கறியா?” என்று ஒற்றைக் காலில் நின்றும் காட்டினார். சிலர் சிரித்தனர். அப்பெண்ணும் சிரிப்பை அடக்கத் தலைகுனிந்தாள்.

அந்நேரம் என் மனைவி குழந்தையைத் தோளில் சாத்திக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

“வண்டி எங்கேங்க? காலையிலேர்ந்து பட்டினி. புட்டியை வாயில வச்சாத் துப்புறா.”

நான் விடை கூறுமுன் மகளே அழைத்தாள். “அப்பா, இங்க வண்டியே இல்லைங்கறாங்க. அழறது பாப்பாவா?”

“ஆமாம்மா.”

“எனக்குப் பால் கட்டி நெஞ்செல்லாம் வலிக்குது. அவ அழற சத்தம் கேட்டா இன்னும் வலிக்குது. போனை வச்சிடுங்கப்பா.”

வைத்துவிட்டேன். எனக்குத் துயரத்தைவிடச் சினமே மிகுந்தது. 

பன்னிரண்டு ஐம்பத்தைந்துக்கு “ஏறியோர்” என்ற கட்டத்திலும் பூஜ்யம் விழுந்தது. அப்பெண் படிவத்தை என் மேசைமீது வைத்தாள். “மேற்கண்டவை உண்மை என உறுதியளிக்கிறேன்” என்ற வரியின் கீழ் நான் கையெழுத்திட வேண்டும்.

“போட மாட்டேன்மா.”

“சார், யாரும் ஏறலைங்கறது உண்மைதானே?”

“டாக்டர் லீவு போட்ட அன்னிக்கு ஆஸ்பத்திரிக்குப் போய், இங்க ஒருத்தருக்கும் உடம்பு சரியாகலைன்னு எழுதினா அதுவும் உண்மைதான். அந்த ஆஸ்பத்திரியை மூடிடலாமா?”

அவள் தன் மேற்பார்வையாளரை அழைத்துத் தொலைபேசியை மேசையில் வைத்தாள். அவர் குரல் அறை முழுவதும் ஒலித்தது. “ஒரு ஸ்டேஷனுக்கு ஒரு நாள்தான். கையெழுத்தை வாங்கிட்டுக் கிளம்பும்மா.”

“ஐயா, இன்னிக்கு வண்டியே ஓடலை,” என்றேன்.

“வண்டி ஓடுச்சாங்கற கேள்வியே படிவத்துல கிடையாது. நீங்க உங்க வேலையைப் பாருங்க. முரண்டு பிடிச்சா, ஒத்துழைக்கலைன்னு மேலே எழுதுவேன்.”

“தாராளமா எழுதுங்க. என் பேரைப் பிழையில்லாம எழுதுங்க.”

நன்மையை அளக்க வந்தவர்கள், அந்நன்மையைத் தாங்களே பூட்டிவைத்துவிட்டு அளவுகோலை நீட்டுகிறார்கள்! வாசலில் குழந்தை அழுதழுது தொண்டை கம்மிப் போயிருந்தது. பசியால் கதறும் அக்குழந்தைக்கு அவர்களுடைய படிவத்தில் ஒரு கட்டமேனும் உண்டா என்று பார்க்கவே அத்தாளைக் கையில் எடுத்தேன். முதல் எழுத்திலிருந்து படித்தேன், பின்பு திருப்பினேன்.

“பின்பக்கத்தை யாரும் படிக்கறதில்லை சார். வெறும் விதிமுறைதான்,” என்றாள் அப்பெண்.

“நான் படிப்பேன்.”

மங்கிய சிறிய எழுத்தில் பதினேழாம் விதி இருந்தது. அதை உரத்த குரலில் வாசித்தேன்: “போக்குவரத்து நடைபெறாத நாளில் அளவீடு செய்தல் கூடாது. காரணத்தைக் குறித்துப் படிவத்தை ரத்துசெய்து, வேறொரு நாளில் மீண்டும் அளக்க வேண்டும்.”

 “அதெல்லாம் பழைய விதி...” என்று தொலைபேசிக் குரல் இழுத்தது.

“சார், இந்த வருஷம் அச்சடிச்சதுன்னு கீழேயே போட்டிருக்கு,” என்றாள் அப்பெண். மறுமொழிக்குக் காத்திராமல் இணைப்பைத் துண்டித்தாள். பேனாவை எடுத்து இரு பூஜ்யங்களையும் குறுக்கே அடித்தாள். “வண்டி ரத்து. காத்திருந்தோர் முப்பத்தொருவர்” என்று எழுதினாள். வாசலைப் பார்த்துச் சற்றுத் தயங்கினாள். “கைக்குழந்தை ஒன்று” என்றும் சேர்த்தாள். அதன் கீழ் நான் கையெழுத்திட்டேன்.

“அடுத்த தடவை வண்டி ஓடற நாளான்னு கேட்டுட்டு வரேன் சார்.”

“கேட்டுட்டு வாம்மா.”

வெளியே என் மனைவி, கரண்டியால் புகட்டிய பாலில் பாதி சேலையில் வழிந்திருக்க, சோர்ந்து உறங்கிவிட்ட குழந்தையுடன் அமர்ந்திருந்தாள். மகள் மீண்டும் அழைக்கவில்லை. அவளுடைய மாலைப் பணிக்கு மணி நெருங்கியிருக்கும். ரத்துசெய்யப்பட்ட படிவத்தின் நகலைக் கோப்பில் வைத்து, நேரத்தையும் குறித்தேன்: பிற்பகல் ஒன்று இருபத்தாறு.