தகட்டில் இருந்த எண்

"இனி இதைத் திறந்து பிரயோஜனம் இல்லண்ணே. உள்ளேயே வெடிச்சுப் போச்சு," என்று மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். படகுக்காரர் மேசைமேல் கிடந்த பழைய மோட்டாரின் மூடியை ஒருமுறை தடவிப் பார்த்தார். பக்கத்தில் நின்ற அவர் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பதினைந்து குதிரைத்திறன் மோட்டார் அது. கல்யாணமான மறுவருஷம் வாங்கியது. அதுவரை துடுப்புதான்; இரண்டு பேர் உள்ளங்கையிலும் காய்ப்பு. மோட்டார் வந்த அன்று வலையைக்கூட எடுக்காமல் வளைகுடாவைச் சும்மா ஒரு சுற்றுச் சுற்றினார்கள். அவள் ஆசையாய்க் கேட்டாளே என்று கைப்பிடியைக் கொடுத்தார். நேரே கொண்டுபோய் மணல்திட்டில் ஏற்றிவிட்டு, "திட்டு குறுக்கே வந்துடுச்சுங்க" என்றாள். சிரித்துச் சிரித்து இருவருக்கும் வயிறு வலித்தது. அவளுக்குப் பிரசவ வலி கண்டபோது அக்கரை ஆஸ்பத்திரிக்குப் போனதும் அதே மோட்டாரில்தான். ஒரே இழுப்பில் பற்றிக்கொண்டது. பிறகு புதுப் படகு கட்டியபோதுகூட மோட்டாரை மாற்ற மனசு வரவில்லை. இருபத்தேழு வருஷம் ஓடிவிட்டது.

"உங்க படகு பதினெட்டு அடி," என்றார் மெக்கானிக். "இருபத்தஞ்சு குதிரைத்திறனுக்கு மேல கூடாதுன்னு, படகு கட்டினவன் அதுல அடிச்சு வெச்ச தகட்டுலயே போட்டிருக்கான். இருபது தாராளம். மோட்டார் மாட்டற பின்பலகை உயரத்தை அளந்து, அதுக்கேத்த நீளத்துல தண்டு இருக்கற மோட்டாரா பார்த்து வாங்குங்க."

படகுக்காரர் தலையாட்டினாரே தவிர, மனசு வேறெங்கோ இருந்தது. போன மாதம்தான் அவருடைய சம்பந்தி தன் படகில் நாற்பது குதிரைத்திறன் மோட்டார் மாட்டியிருந்தார். தினமும் இவரை முந்திக்கொண்டு போகும்போது ஒரு கையை உயர்த்திக் காட்டுவார். ஏலக்கூடத்தில் நாலு பேர் நடுவில், "என்ன சம்மந்தி, நேத்துக் கிளம்பினீங்களா?" என்று கேட்டதும், கூட்டம் சிரித்ததும் நெஞ்சில் முள்ளாய்த் தைத்திருந்தன.

மோட்டார் வாங்க இருவரும் போனபோது, கடைக்காரர் அந்த முள்ளைச் சட்டென்று கண்டுகொண்டார். "நாப்பது போடுங்க சார், படகு பறக்கும்."

"தகட்டுல இருபத்தஞ்சுன்னு இருக்கே?"

"தகடுதானே? கழட்டிட்டு வேற மாட்டிடலாம். சோதனைக்கு வர்ற மீன்வளத்துறை அதிகாரியை நான் கவனிச்சுக்கறேன்."

"ஏங்க, படகு கட்டினவன் அதை விளையாட்டுக்கா அடிச்சு வெச்சான்?" என்றாள் மனைவி. "பின்னாடி அவ்வளவு கனத்தைத் தொங்கவிட்டா தாங்குமா?"

"உனக்கென்ன தெரியும்? பேசாம இரு!"

இத்தனை வருஷத்தில் அவர் அவளிடம் அப்படிப் பேசியதே இல்லை. அன்றைக்கே நாற்பதை வாங்கி, தகட்டையும் மாற்றிக்கொண்டார்.

நாற்பது மாட்டிய முதல் நாள் படகு நிஜமாகவே பறந்தது. திரும்பும் வழியில் சம்பந்தியை முந்தி, கையை உயர்த்தியும் காட்டினார். பின்பக்கம் வழக்கத்தைவிடத் தாழ்ந்திருப்பதை அவர் கவனிக்கவில்லை. துறைமுக வாயிலில், கரையில் நிற்பவர்கள் பார்க்கட்டும் என்று கடைசிவரை வேகத்தில் வந்து, சட்டென்று விசையைக் குறைத்தார். படகு கிளப்பிய அலையே துரத்தி வந்து பின்பலகைக்கு மேலே ஏறிக் கொட்டியது. கண் இமைப்பதற்குள் முழங்கால் அளவு தண்ணீர். மோட்டார் விக்கி நின்றது. படகு ஒரு பக்கம் சாய, முன்னால் உட்கார்ந்திருந்த மனைவி வலையோடு கடலில் விழுந்தாள்.

அவர் கத்திக்கொண்டே குதித்தார். அவள் காலில் சுற்றிய வலையை அவரால் பிரிக்க முடியவில்லை. பின்னால் வந்த சம்பந்திதான் தண்ணீரில் பாய்ந்து, கத்தியால் வலையை அறுத்து, அவளைத் தூக்கிப் பிடித்தார். உயிர் பிழைத்தாள்; ஆனால் தோள் மூட்டு விலகிவிட்டது.

ஆஸ்பத்திரி பெஞ்சில் சம்பந்திகள் இரண்டு பேரும் ஈர உடையோடு உட்கார்ந்திருந்தார்கள். "துடுப்புக் காலம் ஞாபகம் இருக்கா சம்மந்தி?" என்றார் படகுக்காரர். "எதிர்காத்து அடிச்சா உங்க படகையும் என் படகையும் ஒரே கயித்துல கட்டிக்கிட்டு வருவோம். கரைக்கு யார் முதல்ல வந்தான்னு ஒருத்தனும் கேட்டதில்லை."

"நீங்க பாட ஆரம்பிச்சா, மீனெல்லாம் ஓடிடும்னு நான் சண்டை போடுவேன்," என்று சிரித்த சம்பந்தி, ஈரச் சட்டையைப் பிழிந்துகொண்டே சொன்னார்: "முதல்ல கையைத் தூக்கிக் காட்டினவன் நான்தானே. என் படகோட தகட்டையும் அந்தக் கடைக்காரன்தான் மாத்தினான்."

மறுநாள் காலை இருவரும் சேர்ந்தே மீன்வளத்துறை அலுவலகத்துக்குப் போய், தகடு மாற்றியதை எழுதிக் கொடுத்தார்கள். கடைக்காரரிடம் லஞ்சம் வாங்கியிருந்த அதிகாரி முகம் வெளிறி, "விடுங்க, யாரும் சாகலையே?" என்றார்.

"இன்னைக்கு வரைக்கும் சாகல," என்றார் படகுக்காரர். கடிதத்தை அவர் கையிலிருந்து எடுத்துக்கொண்டார். மேலதிகாரி அறையைக் கேட்டு, அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

புது மோட்டாரை மனைவிதான் தேர்ந்தெடுத்தாள். கழுத்திலிருந்து தொங்கும் கட்டுப் போட்ட கையோடு வேறொரு கடைக்குப் போய், பின்பலகை அளவைச் சொல்லி, வலையும் பனிக்கட்டியும் எவ்வளவு ஏற்றுவார்கள் என்பதையும் சொல்லி, இருபதை வாங்கினாள். "அன்னைக்கு உன்னை வாயை மூடச் சொன்னேனே," என்று அவர் தொடங்க, "மோட்டாரைப் பாருங்க முதல்ல," என்று அடக்கிவிட்டாள்.

ஏலக்கூடத்தில் யாரோ கேலியாகக் கேட்டார்கள்: "என்னண்ணே, நாப்பதுலேருந்து இருபதுக்கு இறங்கிட்டீங்க?"

இந்த முறை அவருக்கு முள் தைக்கவில்லை. எல்லார் காதிலும் விழும்படியே சொன்னார்: "மோட்டார் படகுக்கு ஏத்ததா இருக்கணும்ப்பா, ஊரார் கண்ணுக்கு ஏத்ததா இல்ல. பொய்த் தகட்டைக் காட்டி அதிகாரியைச் சரிக்கட்டிடலாம். தண்ணியைச் சரிக்கட்ட முடியாது. அது தெரியாம என் வீட்டுக்காரியையே பறிகொடுக்கப் பார்த்தேன்."

கேலிக்குச் சிரித்தவர்களில் இரண்டு பேர் எழுந்து, தங்கள் படகுத் தகடுகளைப் பார்க்க நடந்தார்கள்.