மிஞ்சுகிற மீன்

மல்லேஸ்வரத்தில் அந்த வீட்டில் குரல் என்றால் அது சீனிவாசராகவன் குரல்தான். பொதுப்பணித் துறையில் பெரிய இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஒரு அதட்டல் போட்டால் காண்டிராக்டர்களின் கை தன்னால் கும்பிடும். வீட்டில் குக்கர்கூட யோசித்துத்தான் விசில் அடிக்கும். மகன் ப்ரஹ்லாத் கல்யாணமான கையோடு வைட்ஃபீல்டுக்குக் குடிபோனபோது, ஆபீஸ் தூரம் என்று காரணம் சொன்னான். அதை நம்பியது அவன் அம்மா ராஜலக்ஷ்மி ஒருத்திதான்.

இப்போது அந்தக் குரல் போய்விட்டது. மாசி மாதத்தில் ஒரு காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம் என்றார்கள். வலது கை, வலது கால், பேச்சு எல்லாம் ஒரே மூச்சில் போயின. புத்தி மட்டும் போகவில்லை. அதுவும் சேர்ந்து போயிருந்தால் தேவலை என்று பிறகு அவரே பலமுறை நினைத்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் ராஜலக்ஷ்மி அவர் கட்டிலை ஹாலில் மீன் தொட்டிக்கு நேர் எதிரே போட்டாள். மீன் நீந்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் ரத்த அழுத்தம் குறையும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். டாக்டர் வேலை அதோடு முடிந்தது. எந்த மீன், அது என்ன செய்யும் என்றெல்லாம் அவர் எதற்குக் கேட்கப்போகிறார்?

அந்தத் தொட்டி, ஓய்வு பெற்றதும் அவர் பிடித்துக்கொண்ட பைத்தியம். சாதாரணத் தண்ணீரில் வளரும் மீன் அவர் மதிப்புக்குப் போதவில்லை, கடல் மீன்தான் வேண்டும். பெங்களூரில் கடலுக்கு எங்கே போவது? திருவல்லிக்கேணியில் இருந்த மைத்துனர் கேன் கேனாகக் கடல் தண்ணீர் பிடித்து ரயிலில் கொண்டுவந்தார். முட்டைகூட நுழையாத ஐயங்கார் வீட்டில் மீனா என்று ராஜலக்ஷ்மி ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் ஒரே ஒரு நிபந்தனையோடு இறங்கிவந்தாள். கண்ட நாளில் சமுத்திரத்தைத் தொடக்கூடாது, அமாவாசையன்றுதான் தண்ணீர் பிடிக்க வேண்டும். ஆகவே அந்த வீட்டு மீன்கள் அமாவாசைக்கு அமாவாசை தீர்த்தம் மாற்றிக்கொண்டு, படு ஆசாரமாக வாழ்ந்துவந்தன.

எல்லாம் ஒரே ஜாதி, பச்சை குரோமிஸ். விரல் நீளம்கூட இருக்காது. வெளிச்சம் பட்டால் பச்சையா நீலமா என்று சொல்ல முடியாதபடி மினுங்கும். ஒன்று திரும்பினால் கூட்டம் முழுக்கத் திரும்பும். மர்பி டவுனிலிருந்து ஸ்கூட்டரில் மீன் கொண்டுவந்து கொடுக்கிற டெஸ்மண்ட், “ஒண்ணு ரெண்டு வச்சா பயந்தே செத்துடும் சார். கூட்டமா வுடுங்க” என்று சொல்லித்தான் விட்டுப்போனான். நடமாடிக்கொண்டிருந்த காலத்தில் சீனிவாசராகவனும் அவற்றைக் கூட்டமாகத்தான் பார்த்தார். படுத்த பிறகுதான் ஒவ்வொன்றாகப் பார்க்க நேரம் கிடைத்தது.

அப்போதுதான் அந்தப் பெரியதைக் கவனித்தார். மற்றதைவிட ஒரு சுற்றுப் பருத்திருந்தது. தீனி விழுந்தால் முதல் வாய் அதனுடையது. இருக்கிறதிலேயே சின்னதைப் பார்த்து வைத்துக்கொள்ளும். விரட்டும், மூலையில் ஒடுக்கும், வாலைக் கடிக்கும். சின்னது கூட்டத்துக்குள் புகுந்துகொள்ளப் பார்க்கும். கூட்டம் நகர்ந்து இடம் கொடுக்காது. இரண்டு மூன்று நாளில் அது வால் கிழிந்து அடியில் கிடக்கும். பிறகு பெரியது அடுத்த சின்னதைத் தேடிக்கொள்ளும். தண்ணீர் சரியில்லை, மின்சாரம் போய்விட்டது, தீனி கெட்டுவிட்டது என்று சொல்ல ஒரு சாக்கும் இல்லை. கண்ணெதிரே நடக்கிற கொலை, சாட்சி ஒருவர்தான், அவருக்கும் வாய் இல்லை.

அந்த ஒன்றை மட்டும் எடுத்துவிட்டால் மற்றவை பிழைக்கும். ஒரு வலை, ஒரு வாளி, ஐந்து நிமிஷ வேலை. அதைச் சொல்ல முடியாமல் அவர் தவித்த தவிப்பு கொஞ்சநஞ்சமல்ல. இடது கையைத் தூக்கித் தொட்டிப் பக்கம் ஆட்டினார். ராஜலக்ஷ்மி விளக்கைப் போட்டாள். தலையை ஆட்டினார். விளக்கை அணைத்தாள். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் எழுப்பினார். “இதோ, இதோ” என்று ஓடிப்போய் மூத்திரப் பாத்திரத்தைக் கொண்டுவந்தாள். ஊரையே கட்டி மேய்த்தவருக்கு அன்று அழுகை வந்தது.

செத்ததை அவள் அவர் கண்ணில் படாமல் எடுத்து, துளசி மாடத்துக்குப் பக்கத்தில் புதைத்தாள். உடனே டெஸ்மண்டுக்கு ஃபோன் போட்டுப் புதிது வாங்கி விட்டாள். வந்ததெல்லாம் சின்னக் குஞ்சுகள். பெரியதற்குக் கொண்டாட்டம்.

ஆடி அமாவாசைக்கு மறுநாள் டெஸ்மண்ட் தண்ணீர் மாற்ற வந்தான். புது மீன் இருந்த பிளாஸ்டிக் பையைத் தொட்டியில் மிதக்கவிட்டு, குனிந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அம்மா, வாட்டர்ல ஒண்ணும் தப்பு இல்ல. அதோ அந்தப் பெருசு இருக்குல்ல, அதுதான் எல்லாத்தையும் அடிக்குது. ஏக்தம் ரவுடி மா. அத நா எடுத்துட்டுப் போயிடறேன். வுட்டா மத்ததெல்லாம் சும்னே வீணா சாவும்.”

கட்டிலில் சீனிவாசராகவன் தலையைத் தூக்கப் பார்த்தார். இத்தனை மாதத்தில் முதல் தடவையாக அவர் மனசிலிருந்தது இன்னொருவர் வாயில் வந்தது. டெஸ்மண்டைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

ராஜலக்ஷ்மி வலையை அவன் கையிலிருந்து பிடுங்கினாள். அவள் ஒருவர் கையிலிருந்து எதையும் பிடுங்கி அவர் பார்த்ததில்லை.

“அத மட்டும் தொடாதே. அது மாமா கையால வாங்கி விட்டது. முதல்ல வந்ததுல அது ஒண்ணுதான் பாக்கி.” குரலைத் தாழ்த்தினாள். ஹாலில் தாழ்த்தி என்ன பயன், எல்லாம் காதில் விழுந்தது. “நம்மாத்துல வளர்ற ஜீவன் நமக்கு வர்ற கண்டத்தத் தான் வாங்கிக்கும்னு சொல்லுவா. டாக்டர் ரெண்டாவது தடவ வாதம் வரலாம்னு சொன்னாரே, வந்துதா? ஒவ்வொரு மீனும் போறச்சே ஒரு கண்டத்த எடுத்துண்டு போறது. அந்தப் பெருசு நன்னா இருக்கற வரைக்கும் மாமாவுக்கு ஒண்ணும் ஆகாது. நா பெருமாள்கிட்ட வேண்டிண்டிருக்கேன்.”

“இல்ல மா, சின்னதுங்க பாவம்...”

“பாவம் என்னோட இருக்கட்டும்” என்றாள் ராஜலக்ஷ்மி. எறும்புக்கு அரிசி மாவில் கோலம் போடுகிறவள், கண் கலங்காமல் அதைச் சொன்னாள். டெஸ்மண்ட் பையைப் பிரித்தான்.

சீனிவாசராகவன் கண்ணை மூடிக்கொண்டார். அறியாமை என்றால் என்றைக்காவது தெளியும் என்று காத்திருக்கலாம். இது அறியாமை இல்லை. அவரை உயிரோடு வைத்திருக்க அவளுக்குத் தெரிந்த ஒரே வழி இது. முப்பது வருஷம் அவர் அதட்டலை வாங்கிக்கொண்டு வாய் திறக்காதவள், அவருக்காக ஒரு கூட்டத்தையே பலி கொடுத்துக்கொண்டிருக்கிறாள். அதில் எந்த மீனை அவராக நினைத்து வைத்திருக்கிறாள் என்பதுதான் அவரைப் போட்டுக் கொன்றது. யோசித்துப் பார்த்தால் அவள் நினைத்ததில் தப்பு ஒன்றும் இல்லை. ப்ரஹ்லாத் சாப்பாட்டு மேஜையில் தட்டைத் தள்ளிக்கொண்டு ஓரமாகப் போய் உட்காருவானே, அது ஞாபகம் வந்தது.

அன்றிலிருந்து அவருக்கு ஒரே வைராக்கியம். ஒரு வார்த்தை போதும். ‘எடு’. இரண்டே எழுத்து. தினம் காலையில் கை கால் பயிற்சி கொடுக்க வருகிற ஜோசஃபின், “அ சொல்லுங்க, ஆ சொல்லுங்க அய்யா” என்று மல்லுக்கட்டுவாள். அதுவரை வாயைத் திறக்க மாட்டேன் என்று அடம் பிடித்தவர், இப்போது அவள் போன பிறகும் உதட்டை அசைத்துக்கொண்டே கிடந்தார். எச்சில் வழிந்தது, தாடை வலித்தது, வெறும் காற்றுதான் வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெரியது தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஒரு நாள் காலை அந்த வார்த்தை வந்துவிட்டது. ராஜலக்ஷ்மி கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். தொட்டியின் மூலையில் ஒரு குஞ்சு தலைகீழாகச் சாய்ந்து இரைத்துக்கொண்டிருந்தது. பெரியது அதை விடவில்லை.

“எ... டு.”

ஸ்பூன் கீழே விழுந்தது.

“என்ன சொன்னேள்?”

“எடு.”

“பேசிட்டேளே! ஐயோ பெருமாளே, பேசிட்டாரே!” அவள் அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் இடது கையைத் தொட்டியை நோக்கி நீட்டினார். அவள் திரும்பிப் பார்த்தாள். குஞ்சு அதற்குள் அடங்கிவிட்டிருந்தது.

“பாத்தேளா! அது போறது, உங்களுக்கு வாய் திறக்கறது. நா சொன்னேனே, யாரு நம்பினா?”

இல்லை என்று தலையை ஆட்டினார். “எடு, எடு.” அவருக்கு வேறு வார்த்தை வரவில்லை. “எடுக்கறேன், எடுக்கறேன்” என்று அவள் செத்ததை எடுத்துக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டு வந்தாள். பிறகு மகனுக்கு ஃபோன் போட்டு ரிசீவரை அவர் வாயருகே பிடித்தாள். எடு என்றார். அந்தப் பக்கம் ப்ரஹ்லாத் விசும்புவது கேட்டது. “என்னப்பா எடுக்கணும்? சொல்லுங்கோப்பா, நா வந்து எடுக்கறேன்” என்றான். அத்தனை வாஞ்சையாக அவன் பேசி அவர் கேட்டதே இல்லை. அந்தச் சந்தோஷத்தைக்கூட அவரால் நிம்மதியாக அனுபவிக்க முடியவில்லை. ராஜலக்ஷ்மி அடுத்ததாக மர்பி டவுனுக்கு ஃபோன் போட்டுக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் டெஸ்மண்ட் வந்தான். வழக்கத்தைவிடப் பெரிய பையாக இருந்தது. உள்ளே மணிமணியாகக் குஞ்சுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சுற்றின.

“டெஸ்மண்ட், மாமா பேசறாரப்பா! கேளு. சொல்லுங்கோ, அவன்கிட்ட ஒரு தரம் சொல்லுங்கோ.”

சீனிவாசராகவன் அவன் கண்ணைப் பார்த்தார். பிறகு தொட்டியில் பெரியதைப் பார்த்தார். மறுபடியும் அவனைப் பார்த்து, இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி, “எடு” என்றார்.

டெஸ்மண்டுக்குப் புரிந்துவிட்டது. அவனுக்குப் புரிந்தது அவருக்கும் தெரிந்தது. அவன் தலை நிமிர்ந்து ராஜலக்ஷ்மியைப் பார்த்தான். அவள் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு, கன்னமெல்லாம் நனைந்து, சிரித்துக்கொண்டு நின்றாள்.

“சூப்பரா பேசறீங்க சார்” என்றான் டெஸ்மண்ட், தரையைப் பார்த்தபடி. பையின் முடிச்சை அவிழ்த்து, மெதுவாகச் சாய்த்தான்.