இந்தப் பக்கம் அடித்த பெயின்ட்

அண்ணன் தன் பக்கத்துச் சுவருக்கு அடித்த நீல பெயின்ட், ஒரு வாரத்துக்குள் தம்பி வீட்டுப் பக்கம் போய்ச் சேர்ந்தது. கசிந்து போகவில்லை, திட்டுத்திட்டாகவும் போகவில்லை. விளிம்பு பிசகாமல் முழுசாகப் போனது. அண்ணன் பக்கத்தில் பழைய ஓதமும் பூசணமும்தான் மிச்சம். அந்த வாரம் தெருக்குழாயில் தண்ணீர் சரியாக வராததால், யாரும் இதைப் பெரிதாகப் பேசவில்லை.

அது ஹாலைக் குறுக்கே வெட்டி எழுப்பிய பாகப்பிரிவினைச் சுவர். சண்டை எதனால் வந்தது என்று கேட்டால் இருவரும் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். இரண்டிலும் பாதிதான் நிஜம். கோபம் ஆறுவதற்குள் சுவர் எழும்பிவிட வேண்டும் என்று கொத்தனாரை விரட்டுவதில் மட்டும் அப்படி ஒரு ஒற்றுமை. கட்டு காயாமல் பூச்சு, பூச்சு காயாமல் பட்டி, பட்டி காயாமல் பெயின்ட். கொஞ்சம் காய விடுங்கள் என்று கொத்தனார் கெஞ்சியதை யார் காதில் போட்டுக்கொண்டார்கள்? அன்றிலிருந்து அந்தச் சுவர் காயவே இல்லை. உள்ளே குழாயும் கிடையாது, மேலே ஒழுக்கும் கிடையாது. கத்திரி வெயிலிலும் கை வைத்தால் சில்லென்று ஒட்டும்.

நீலத்தைப் பார்த்துத் தையத்தக்கா என்று குதித்த தம்பி, வீம்புக்கு மஞ்சள் அடித்தான். அது அண்ணன் வீட்டுக்குப் போனது. காசைக் கொட்டி அடுத்தவன் வீட்டை அலங்கரிக்கிறோம் என்று தெரிந்ததும் இருவருக்கும் வயிறெரிந்தது. வேறு யாராக இருந்தாலும் தூரிகையைக் கீழே வைத்திருப்பார்கள். இவர்கள் கடைகடையாக ஏறி, இருப்பதிலேயே அசிங்கமான நிறத்தைத் தேட ஆரம்பித்தார்கள். அண்ணன் கழுநீர் நிறத்தை அனுப்பினான். தம்பி பதிலுக்குத் தார் அடித்தான்.

தாரும் அண்ணன் பக்கம் போனது. அதன் அடியில் ஈரம் அடைபட்டு, பூசணம் கட்டில் உயரத்துக்கு ஏறியது. அந்தக் கட்டிலில் படுப்பவள் அண்ணனின் சின்ன மகள். அவளுக்கு இளைப்பு கண்டது. சுவர் சரியாகாமல் மருந்து பிடிக்காது என்று டாக்டர் கைவிரித்தார். அண்ணன் சுரண்டிச் சுரண்டிப் பார்த்தான், தார் அசையவில்லை. அந்த இளைப்பு சுவரைத் தாண்டித் தம்பி மனைவிக்குக் கேட்டது. சுவர் எழும்பும்வரை அந்தப் பிள்ளை அவளிடம்தான் வளர்ந்தது. அவளால் தாங்க முடியவில்லை.

"நீங்க அடிச்ச தாரு உங்கண்ணனுக்குப் போகல. அந்தப் புள்ள நெஞ்சுல போய் உக்காந்திருக்கு. நானே சுரண்டிட்டு நல்ல பெயின்ட்டா அடிக்கப் போறேன்," என்றாள் புருஷனிடம்.

நம் பக்கம் நன்றாக அடித்தால் அவனுக்குத்தானே போகும், நமக்கு என்ன கிடைக்கும் என்று அவன் முனகினான்.

"போகட்டும். போகணும்னுதான் அடிக்கிறேன்."

முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு, இரும்பு பிரஷ்ஷால் தன் பக்கத்தை அவளே சுரண்டினாள். இந்தப் பக்கம் சுரண்டச் சுரண்ட அந்தப் பக்கம் தார் செதில்செதிலாக உதிர்ந்தது. ப்ளீச்சிங் பவுடர் கரைத்துக் கழுவி, ஜன்னலைத் திறந்துவைத்து, ஃபேனைப் போட்டு, சுவர் ஒட்டாமல் ஆகும்வரை பொறுத்திருந்தாள். பிறகு ப்ரைமர், அதன் மேல் பூசணம் பிடிக்காத வெள்ளை, இரண்டு பூச்சு. வெள்ளை அந்தப் பக்கம் போனது. அங்கிருந்த ஈரம் முழுக்க இந்தப் பக்கம் வந்தது. பீரோவை நகர்த்தி நடு அறையில் போட்டார்கள். தம்பி இருமத் தொடங்கினான், ஆனால் வாயைத் திறந்து ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

பிள்ளைக்கு மூச்சு சீரானது. அண்ணன் வேலை விட்டு வந்ததும் அந்த வெள்ளைச் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். யார் வேலை என்று அவனுக்குத் தெரியாதா என்ன? சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்டது. வெட்கமாகத்தான் இருந்தது. கடைசியில் மகளைக் கூப்பிட்டான்.

"உன் சித்திக்கு என்ன கலர்மா புடிக்கும்?"

இளம்பச்சை என்றாள். அவன் வெள்ளையின் மேலேயே நிதானமாக, ஒவ்வொரு பூச்சையும் காயவிட்டு, இளம்பச்சை அடித்தான். அது சேர வேண்டிய இடத்தில் சேர்ந்தது; அதனடியில் வெள்ளை அப்படியே நின்றது. ஈரம் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் சில நாள் சுவருக்குள்ளேயே நின்றது, பிறகு அதையும் காணோம்.

அண்ணனும் தம்பியும் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை. ஆனால் வருஷாவருஷம் மழைக்கு முன்னால், ஆளுக்கு ஆள் தன் பக்கத்தைச் சுரண்டி, அடுத்தவன் வீட்டுக்கான நிறத்தை அடிக்கிறார்கள். தம்பி படியேறினால் பெயின்ட் கடைக்காரர், "அண்ணன் வீட்டுக்கு என்ன கலர் எடுக்கட்டும்?" என்றுதான் கேட்கிறார். தம்பி கலர் அட்டையை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, வெகு நேரம் பார்க்கிறான்.