மாம்பால் வடு

சந்தையிலிருந்து திரும்பிய போசம்மா முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வேலியோரமாகப் போவதைப் புல்லெம்மா பார்த்தாள். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டியதே இல்லை, காற்று சொல்லிவிட்டது. பழுத்த மாம்பழத்தை மறைத்து எடுத்துப்போக இன்னும் யாரும் துணி நெய்யவில்லை.

வீட்டுக்குள் கட்டிலில் கிடந்த புல்லெம்மாவின் புருஷன் முத்தியால் ரெட்டிக்கும் அந்த வாசம் எட்டியிருக்க வேண்டும். இருமலுக்கு நடுவே, "யாரு போறது?" என்றார்.

"யாருமில்ல மாமா. காத்து."

கோதாவரிக் கரையில் ஊர் இருந்தவரை, மாம்பழப் பண்டிகைக்கு முன்னால் மலைக்குடிகளான கொண்டரெட்டிகள் யாரும் மாம்பழத்தை வாயில் வைத்ததில்லை. முத்தியால் ரெட்டிதான் பூசாரி. ஊர் நடுவில் நின்ற தாய்க்கல்லுக்கு அவர் முதல் பழத்தை அறுத்துப் படைத்த பிறகுதான் மற்றவர்களுக்கு. அணை கட்டினார்கள். ஊரும் கல்லும் தண்ணீருக்கு அடியில் போயின. மலையே கண்ணில் படாத இந்தச் சமவெளியில் வரிசையாகச் சிமெண்டு வீடு கொடுத்தார்கள். கல் இல்லாமல் பண்டிகை கிடையாது என்று அவர் ஒரே பிடியாய் நின்றார். அதன்பின் ஒவ்வொரு கோடையிலும் காலனி முழுவதும் அவருக்குத் தெரியாமல் மாம்பழம் தின்றது. தின்னாதவர்கள் அவரும் புல்லெம்மாவும் மட்டும்தான்.

இந்தக் கோடையில் அவருக்குக் கஞ்சியும் இறங்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் வீட்டுக்கே கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்கள். தூக்கத்தில் மாம்பழம் கேட்பார், விழித்தால் வேண்டாம் என்பார். அவர் போவதற்குள் ஒரு துண்டு. வேறெதையும் புல்லெம்மா எந்தச் சாமியிடமும் கேட்கவில்லை.

"நீ அறுக்காம போயிட்டா அப்புறம் யாரு மாமா அறுப்பா? புள்ளைங்க காலம்பூரா வாயைக் கட்டிக்கிட்டுக் கெடக்கணுமா?"

அவர் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "புள்ளைங்க யாரும் தின்னலையா?"

"நீ அறுக்காம எவ குடுப்பா?" பொய் சொல்ல அவளுக்கு நாக்கு கூசவே இல்லை.

"அப்படின்னா ஒரு கல்லு பாரு."

வீடு கட்டி மிஞ்சிய ஜல்லிக் குவியலைப் புரட்டி ஒன்றைப் பொறுக்கினார்கள். மஞ்சள் பூசி வேப்பமரத்தடியில் வைத்தார்கள். அவரைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். புதுப்பழத்துக்கு ஏங்குகிற முகத்தோடு எல்லோரும் சுற்றி நின்றார்கள். போசம்மா அளவுக்கு மீறியே எச்சில் விழுங்கினாள். கத்தியைப் பிடிக்கப் புல்லெம்மா கை கொடுக்க வேண்டியிருந்தது. கல்லுக்கு ஒரு துண்டு வைத்து அவர் ஏதோ முணுமுணுத்தார். அடுத்தது குழந்தைக்கு என்பது வழக்கம். போசம்மாவின் மகள் சின்னியை முன்னால் தள்ளினார்கள்.

சின்னி வாயைத் திறந்தாள். உதட்டோரம் கறுத்திருந்தது. காம்பு கிள்ளாமல் கடித்து, மாம்பால் பட்டு வெந்த வடு. காய்ந்து பொருக்குத் தட்டிக் கிடந்தது. முத்தியால் ரெட்டி அதைப் பார்த்தார். அவர் பார்த்ததைப் புல்லெம்மாவும் பார்த்தாள். கட்டைவிரலால் அவர் அந்த இடத்தை மெல்லத் தடவி, துண்டை அவள் வாயில் வைத்தார்.

"இனிக்குதா தாயி?"

"இனிக்குது தாத்தா. இப்பத்தான் மொதமொதலா திங்கறேன்."

சரி என்பதுபோல அவர் தலையை ஆட்டினார். "தின்னு. நல்லாத் தின்னு."

புல்லெம்மா ஒரு துண்டை அவர் வாயருகே கொண்டுபோனாள். அவர் வாய் திறக்கவில்லை. அவளுடைய உதட்டைத் தேடுவதுபோலப் பார்த்தார்.

"நீயும் தின்னுட்டியா புள்ள?"

"இல்ல மாமா. சத்தியமா இல்ல."

இத்தனை நாளில் மாம்பழத்தைப் பற்றி அவள் அவரிடம் சொன்ன உண்மை அது ஒன்றுதான். அவர் தலையை ஆட்டினார், சின்னிக்கு ஆட்டியது மாதிரியே. பிறகு வாயைத் திறந்தார். அவள் துண்டை நாக்கில் வைத்தாள். அவரால் விழுங்க முடியவில்லை. சாறு உதட்டோரமாக வழிந்து நரைத்த தாடியில் இறங்கியது. முந்தானையை எடுத்தவள், துடைக்காமல் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.