பஸ் நிலையத்தை ஒட்டிய ரேடியோ வீடு

மகள் இருக்கும் ஊருக்குப் போகும் பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. நிற்க நிழல் இல்லை. பஸ் நிலையத்தை ஒட்டியிருந்த ரேடியோ காட்சியகத்தில் மின்விசிறி சுற்றுவதைப் பார்த்ததும் சலூன்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே நடந்துவிட்டார். அவர் மனைவி பின்னால் போனாள். மகள் வீட்டுக்குப் போகிற மனைவி பத்து நாளில் திரும்பி வந்துவிடுவாள் என்று மனுஷன் நினைத்துக்கொண்டிருக்கிறார். பெட்டியின் கனத்தைப் பார்த்தாவது புரியவேண்டாமா? தையல் கத்திரிக்கோல் முதற்கொண்டு அதற்குள் இருந்தது.

இனி திரும்புவதில்லை என்று முடிவெடுத்து எட்டு நாள் ஆகிறது. அடித்தாரா, குடித்தாரா? ஒன்றும் இல்லை. ஒரு வருஷமாகப் பேச்சில்லை, அவ்வளவுதான். இவள் தையல் மெஷினில் உட்கார்ந்தபடி ஊர்க்கதையெல்லாம் சொல்வாள். அவர் பேப்பரைப் புரட்டுவார். கேள்வி கேட்டால் "ம்". சண்டைக்கு இழுத்தாலும் "ம்". முப்பத்தொரு வருஷம் குடும்பம் நடத்தியவள் கசந்துபோய்விட்டாளாக்கும்! சலூனில் மட்டும் வருகிறவன் போகிறவன் சொல்வதற்கெல்லாம் பல்லைக் காட்டித் தலையாட்டுவார். அதை நினைத்தால்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

காட்சியகத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு ஆள் வந்ததே கொண்டாட்டம். சொந்தமாக ரேடியோ நிலையம் வைத்து முகம் தெரியாதவர்களோடு பேசுவதுதான் அவள் பொழுதுபோக்காம். பீரோ உயரத்துக்கு ரேடியோக்கள், சுவர் முழுக்க தபால் அட்டைகள். "எங்கயோ இருக்கறவங்க, 'உங்க குரல் எனக்குக் கேட்டுச்சு'ன்னு எழுதிப் போட்டதும்மா" என்றாள். கொடுத்துவைத்தவள் என்று இவள் நினைத்துக்கொண்டாள்.

அந்தப் பெண் கனமான ஒரு ஹெட்போனை எடுத்து சலூன்காரர் தலையில் மாட்டிவிட்டு, ஒயரைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். சலூன்காரர் கண்ணை மூடி மெல்லத் தலையாட்டினார்.

"ஆகா, என்ன பாட்டு! தெளிவா இருக்கும்மா."

"நான் இன்னும் சொருகவே இல்லீங்களே!"

அவர் விடாமல் ஆட்டிக்கொண்டிருந்தார். சலூனில் ஆட்டும் அதே ஆட்டம். மனைவிக்குத் தூக்கிவாரிப்போட்டது. பேப்பர், "ம்", சண்டைக்கும் "ம்"... அட கடவுளே! போய் ஹெட்போனைக் கழற்றி, அவர் முகத்துக்கு நேரே கத்தினாள்.

"உங்களுக்குக் காது கேக்கலையா?"

அவர் தொங்கிய ஒயரைப் பார்த்தார். மாட்டிக்கொண்டது புரிந்துவிட்டது. "மெதுவாப் பேசு. காது கேக்காதவன் கத்திக்கு எவன் கழுத்தைக் காட்டுவான்?"

"என்கிட்டச் சொல்றதுக்கு என்ன கேடு?" என்று குரலை இறக்காமலே கேட்டாள்.

"நீ ஊருக்கே சொல்லிடுவியே."

சொல்லியிருப்பாள், அதுவும் உண்மைதான். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டின. அப்பாடா, வெறுப்பில்லை! செவிடுதான், வேறொன்றுமில்லை! ஒரு வருஷமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியதில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

காட்சியகத்துப் பெண்தான் யோசனை சொன்னாள். "கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்பக்கம் மைக் இருக்கும்மா. போய்ப் பேசுங்க. இவருக்கு ஹெட்போன்ல சத்தத்தை முழுசா வெச்சுத் தரேன். பட்டனை அமுக்கிப் பிடிச்சுக்கணும். முடிஞ்சதும் 'ஓவர்'னு சொல்லிட்டு விட்டுடுங்க. அப்புறம்தான் அவர் பேச முடியும்."

அவள் போய் உட்கார்ந்து பட்டனை அழுத்தினாள். "என்னங்க... கேக்குதா?"

கண்ணாடிக்கு அப்பால் அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

போன வருஷத்திலிருந்து ஆரம்பித்தாள். மாடிவீட்டுக்காரியோடு போட்ட வாய்ச்சண்டை, தைத்துக் கெட்டுப்போன ஜாக்கெட், தனியாக அழுத நாள், பெட்டியில் கத்திரிக்கோல் இருப்பது வரை ஒன்றுவிடாமல் சொன்னாள். வெளியே பஸ் ஹாரன் இரண்டுமுறை அடித்து ஓய்ந்தது. அழுத்திய விரல் வெளுத்துப்போயிருந்தது; அவள் எடுக்கவில்லை. அந்தப்பக்கம் சலூன்காரர் ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அமுக்கிக்கொண்டு, கன்னத்தில் வழிவதைத் துடைக்கக்கூட கையை எடுக்காமல், தன் முறைக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.