இருபத்திரண்டரை மில்லிமீட்டர்

எட்டு வருஷமாக ஒருத்தனைப் பேர் சொல்லி வாய் நிறையத் திட்டியிருக்கிறீர்கள். அவன் ஆம்பளையே இல்லை என்று யாராவது சொன்னால் என்ன செய்வீர்கள்?

கணவாய் பிடிக்கும் கப்பலில் போன நெலிடாவின் புருஷன் அன்செல்மோ, தெற்கே உஷுவையா துறைமுகத்தில் வேறொருத்தி வீட்டில் கரையேறிவிட்டான். அந்த வசந்தத்தில்தான், அவள் சமைக்கும் ரேஞ்சர் குடிசையின் பலகைத் தரைக்கு அடியில், இடது துடுப்பில் வெட்டுப்பட்ட பென்குயின் ஒன்று வந்து குழி பறித்தது. அடுத்த செப்டம்பரிலும் வந்தது. அதற்கு அந்தப் பேரையே வைத்தாள். "சொன்ன தேதிக்கு வீடு திரும்புற அன்செல்மோ ஒருத்தனாவது உலகத்துல இருக்கணும்ல" என்பாள். தினமும் காலையில் மாத்தே கஷாயத்துக்குத் தண்ணீர் சுடும்வரை பலகை இடுக்கில் குனிந்து அதை ஏசுவாள். அது தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துக் கேட்டுக்கொள்ளும்.

இந்த அக்டோபரில் பறவைகளை அளக்க கிராசியேலா என்ற பெண் வந்தாள். பார்வைக்கு ஆணும் பெண்ணும் ஒன்றுதான். ஆணுக்கு அலகு கொஞ்சம் தடி.

"இதை மட்டும் விட்டுடு. அவனை எனக்குத் தெரியும்" என்றாள் நெலிடா.

ரேஞ்சர் இபார்ரா சிரித்தான். "எந்த ஆம்பளை பதினாறு நாளா முட்டை மேல உக்காருவான், நெலிடாக்கா?"

"எல்லாரும் உன்னை மாதிரியா? போடா, விறகு எடுத்துட்டு வா."

பறவை கிராசியேலாவின் தோல் கையுறையைக் கடித்துக் குதறியது. அவள் அலகில் வைத்த வெர்னியர் அளவுகோலைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். இருபத்திரண்டரை.

"நடுவுல நிக்குதுக்கா. பெரிய பொண்ணாவும் இருக்கலாம், சின்ன ஆணாவும் இருக்கலாம். கடலுக்குப் போன ஜோடி வரட்டும். ரெண்டுல எது தடியோ அது ஆம்பளை."

"அது வராமப் போனா?"

"வரும்க்கா. சில சமயம் வராது."

அன்று உருளைக்கிழங்குக்கு நெலிடா இரண்டு தரம் உப்புப் போட்டாள். சாயங்காலம் இடுக்கில் குனிந்தபோது அது கடல் பக்கம் பார்த்தபடி முட்டைமேல் உட்கார்ந்திருந்தது. திட்டு வரவில்லை.

"சாப்பிட்டியா?" என்றாள். பதினாறு நாளாக அது சாப்பிடவில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

மறுநாள் காலை ஜோடி கரையேறி, தள்ளாடித் தள்ளாடி நேராகப் பலகைக்கு அடியில் வந்து சேர்ந்தது. கிராசியேலா அளந்தாள். இருபத்து நாலரை. நெலிடா குனிந்து, "அன்செல்மோ, எந்திரி. உன் வீட்டுக்காரன் வந்துட்டான்" என்றாள்.